ஒரு குழாய் ரத்தமும் குதிகால் மச்சமும்: மெலனோமாவில் புரதங்கள் எதைச் சொல்கின்றன?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அண்ணனிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்த பெரியம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ஒரே ஒரு எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்: எல்.டி.எச் (ரத்தத்தில் அளக்கும் ஒரு புரதம்) 412. பக்கத்தில் மேல்வரம்பு 250 என்று அச்சாகியிருந்தது. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகப் பேச்சு இங்கிலீஷ்தான். ‘தம்பி’ என்கிற சொல் மட்டும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (தாத்தா பிடிவாதமாக அனுப்பிய கோயில் தமிழ்ப் பள்ளியின் புண்ணியத்தில் நான் இதை எழுதுகிறேன்.) “தம்பி, கூகுளில் தேடிப் பார்த்தேன். அம்மாவுக்கு இனி எத்தனை மாதம்?” என்று கேட்டிருந்தார்.

நான் டர்பனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குழாய்களோடும் கண்ணாடிச் சில்லுகளோடும் காலம் தள்ளுகிறவன். டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. ரிப்போர்ட்டில் ஒரு புரதத்தின் பெயரும் அதற்கு நேரே ஒரு எண்ணும் இருந்தால், நம்மவர்கள் அதை ஜாதகக் கட்டம் மாதிரி படிக்கிறார்கள். ஒவ்வொரு புரதமும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் வைத்திருக்கிறது. வேறு கேள்வி கேட்டால் பொய் சொல்லும்.

முதலில் பெரியம்மாவின் கால். இடது குதிகாலில் மிளகாய் விதை அளவு கறுப்புப் புள்ளி. மாரியம்மன் கோயிலில் வருஷம் தவறாமல் தீ மிதித்தவர். தைப்பூசத்துக்குக் காவடியோடு வெறுங்காலில் நடந்தவர். இங்கே தைப்பூசம் கோடையில் வரும், தார்ச்சாலை கொதிக்கும். அதனால் அந்தப் புள்ளியை யாரும் கேள்வி கேட்கவில்லை. பிறகு அது கொஞ்சம் தடித்தது. கால் ஆணி என்று ஒரு மருந்துக் கடையில் பிளாஸ்திரி கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து நடக்கும்போது செருப்பில் ரத்தம் ஒட்டிய பிறகுதான் பயாப்சி எடுத்தார்கள். மெலனோமா.

மெலனோமா என்றால் தென்னாப்பிரிக்காவில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கடற்கரை, வெள்ளைத் தோல், கேன்சா என்ற புற்றுநோய்ச் சங்கத்தின் முத்திரை போட்ட சன்ஸ்கிரீன். அது தவறில்லை. இந்த நாட்டு வெள்ளையர்களிடம், அதிலும் கேப் டவுன் பக்கம், இந்த நோய் உலகிலேயே அதிகமாகக் காணப்படும் இடங்களுக்குச் சமமாக இருக்கிறது. ஆனால் தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் செல்கள் எல்லோருக்கும் உண்டு. கறுத்த தோலில் மெலனோமா அபூர்வம். வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில் வரும். பாப் மார்லிக்கு வந்தது கால் விரல் நகத்தடியில். 1977-இல் தெரிந்தது, 1981-இல் 36 வயதில் இறந்துபோனார். இந்த வகையின் மரபணுக்களை முழுதாகப் படித்துப் பார்த்தபோது, வெயில் விட்டுச் செல்லும் கைரேகை அதில் குறைவாகவே இருந்தது. குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறிய தடயங்கள்தான் அதிகம். பெயர் ஒன்றே தவிர, கடற்கரை மெலனோமாவுக்கும் குதிகால் மெலனோமாவுக்கும் பூர்வீகம் வேறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ‘இனி என்ன ஆகும்’ என்ற கேள்விக்கு இன்றைக்கும் அதிக நேர்மையோடு பதில் சொல்வது எது? புரதம் இல்லை, ஒரு அளவுகோல். 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர், கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை மைக்ராஸ்கோப்பில் மில்லிமீட்டர் கணக்கில் அளந்தார். மேல்தோலின் குறுமணி அடுக்கில் தொடங்கி, ஆகக் கீழே இருக்கும் புற்றுச் செல் வரை. குதிகாலில் காய்த்துப்போன தோல் தடிமனாக இருக்குமே என்று கேட்கலாம். அந்தக் காய்ப்பு குறுமணி அடுக்குக்கு மேலே இருப்பதால் கணக்கில் சேராது. 0.8 மி.மீ.க்குக் குறைவு, மேலே புண்ணும் இல்லை என்றால், ஐந்து வருஷத்தில் மெலனோமாவால் இறக்காமல் இருப்பவர்கள் நூற்றுக்கு 99 பேர். 4 மி.மீ. தாண்டிப் புண்ணும் ஆகி, நிணநீர்க் கணு சுத்தமாக இருந்தால் 82 பேர். பெரியம்மாவுக்கு 2.6 மி.மீ., மேலே புண். கவட்டையில், காலிலிருந்து நிணநீர் முதலில் வந்து சேரும் காவல் கணுவை எடுத்துப் பார்த்தார்கள், சுத்தம். இரண்டாம் நிலை, பி பிரிவு. அட்டவணையில் அதற்கு எதிரே 87 என்று இருக்கிறது.

இந்த நிலையைத் தீர்மானிக்கும் அட்டவணையில் எல்.டி.எச்சுக்கு இடமே கிடையாது. அது உள்ளே வருவது நான்காம் நிலையில், அதாவது நோய் உடம்பின் தொலைவிடங்களுக்குப் பரவிய பிறகு மட்டும். அண்ணனிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். அவர் சமாதானம் ஆகவில்லை.

புரதங்கள் வேலை செய்யும் இடங்களில் முதலாவது கண்ணாடிச் சில்லு. பயாப்சி சதையை மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிய சீவலாகச் சீவி, சில்லில் ஒட்டி, ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றுவோம். புரதம் இருக்கும் இடத்தில் நிறம் ஏறும். வழக்கமாக ஏறும் நிறம் பழுப்பு. இங்கேதான் எங்கள் மேசைக்கே உரிய ஒரு தொல்லை. மெலனினும் பழுப்பு. கறுத்த தோலின் கட்டியில் எது சாயம், எது சொந்த நிறம் என்று தெரியாமல் கண் குழம்பும். அதனால் சிவப்புச் சாயத்துக்கு மாறிக்கொள்வோம். சிவப்பு ஏறிய சில்லை விளக்கின்மேல் வைத்தால், பழுப்புத் தூளுக்கு நடுவே குங்குமம் சிந்தியது போலச் செல்கள் தெரியும்.

எஸ்100 என்ற புரதம் ஏறக்குறைய எல்லா மெலனோமாவிலும் நிறம் பிடிக்கும். ஆனால் நரம்பிலும் கொழுப்பிலும்கூடப் பிடிக்கும். எச்.எம்.பி-45, மெலன்-ஏ இரண்டும் மெலனின் குடும்பத்தைத் திட்டவட்டமாகக் காட்டும். சில கட்டிகளைத் தவறவும் விடும். எச்.எம்.பி-45 எனக்குப் பிடித்த சாயம். சாதாரண மச்சத்தில் அது மேலே அழுத்தமாகவும் கீழே போகப் போக வெளிறியும் இருக்கும், செல்கள் இறங்க இறங்க வயதாகி அடங்குவதால். மெலனோமாவில் அந்த ஒழுங்கு குலைந்து, மேலும் கீழும் திட்டுத் திட்டாகத் தெறித்திருக்கும். பிரேம் என்ற புரதம் சமீப வருஷங்களில் பரவலாகிவிட்டது: பெரும்பாலான மெலனோமாக்களில் பிடிக்கும், பெரும்பாலான மச்சங்களில் பிடிக்காது. கி-67 செல் பெருகும் வேகத்தைக் காட்டும் (‘கி’ என்பது ஜெர்மனியின் கீல் நகரம், மரபணுப் பெயர் என்று நானே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்). பி16 என்ற தடுப்புப் புரதம் காணாமல் போயிருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை.

ஆனால் இந்தச் சாயங்களில் பெரும்பாலானவை பதில் சொல்வது ‘இது மெலனோமாதானா’ என்ற கேள்விக்கு. ‘இனி என்ன ஆகும்’ என்பதற்கு இல்லை. கி-67 அதிகமாக இருந்தால் போக்கு மோசம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் தடிமனும் புண்ணும் தெரிந்த பிறகு அது புதிதாகச் சேர்க்கும் தகவல் கொஞ்சம்தான். அதனால்தான் ஒரு சாயம்கூட நிலை அட்டவணைக்குள் நுழையவில்லை. ‘எச்.எம்.பி-45 பாசிட்டிவ்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ‘பாசிட்டிவ்’ கட்டியின் குலம் கோத்திரம் சொல்கிறது, அவ்வளவுதான்.

இப்போது ரத்தம். எல்.டி.எச் ஒரு நொதி. செல்லுக்குள் சர்க்கரை உடையும்போது, ஆக்சிஜன் வழியில் போகாமல் குறுக்கு வழியில் லாக்டேட்டாக மாற்றிவிடும் வேலை அதனுடையது. புற்றுச் செல்கள் ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் குறுக்கு வழியையே விரும்புகின்றன என்று 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் கண்டார். கட்டி பெரிதாகி, நடுவில் ரத்த ஓட்டம் போதாமல் செல்கள் செத்து வெடிக்கும்போது, உள்ளே குவிந்திருந்த நொதி ரத்தத்தில் கொட்டுகிறது. ஆக, நான்காம் நிலை நோயாளியின் ரத்தத்தில் எல்.டி.எச் ஏறினால் உடம்பில் கட்டிப் பாரம் எவ்வளவு, அது எவ்வளவு ஆவேசமாக எரிகிறது என்பதற்கான தோராயக் கணக்கு கிடைக்கிறது. 2002-இல் வந்த அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் நிலை அட்டவணையின் ஆறாம் பதிப்பிலிருந்து அது அதிகாரபூர்வமாக உள்ளே இருக்கிறது. எட்டாம் பதிப்பில் நான்காம் நிலையின் ஒவ்வொரு உட்பிரிவோடும் எல்.டி.எச் ஏறியிருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வால் சேர்த்தார்கள். மலிவான, பழைய, எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் ஓடக்கூடிய சோதனை. நூற்றுக்கணக்கான பகட்டான புரதங்கள் போட்டிக்கு வந்தும் இதன் நாற்காலியை அசைக்க முடியவில்லை.

எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால் ஒரு உதாரணம். பிராஃப் என்ற புரதத்தில் மாற்றம் உள்ள, பரவிய மெலனோமாவுக்கு டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த 563 பேரின் ஐந்து வருஷக் கணக்கு 2019-இல் வெளிவந்தது. மொத்தத்தில் 34 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஆரம்பத்தில் எல்.டி.எச் சரியாக இருந்தவர்களில் 43 சதவீதம்; ஏறியிருந்தவர்களில் 16. ஒரே மருந்து, ஒரே நோய்.

ஆனால் எல்.டி.எச்சுக்கு விசுவாசம் கிடையாது. கல்லீரல், தசை, இதயம், ரத்தச் சிவப்பணு எல்லாவற்றிலும் இருக்கிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் அளவு, வெளியே ரத்த நீரில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல். ரத்தம் எடுக்கும்போது ஊசி மெலிதாக இருந்தாலோ, சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடையும். சுழற்றி எடுத்த பிறகு ரத்த நீர் வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். உடைந்திருந்தால் ரோஸ் சர்பத் மாதிரி இருக்கும். அண்ணன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டம் போட்ட எண்ணுக்கு நாலு வரி கீழே, எறும்பு எழுத்தில், ‘மாதிரியில் சிவப்பணுச் சிதைவு காணப்படுகிறது, எல்.டி.எச், பொட்டாசியம் மிகையாக இருக்கலாம்’ என்று போட்டிருந்தது. யாரும் படிக்கவில்லை. ரத்தம் எடுத்த இடத்தில் என்ன அவசரமோ. திரும்ப எடுக்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை 204 என்று வந்தது.

அந்த மூன்று நாளும் அண்ணன் தூங்கவில்லை. எங்கள் தொழிலில் அந்த எறும்பு எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லி நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்பது வேறு கதை.

எஸ்100பி எல்.டி.எச்சைவிடக் கொஞ்சம் கூர்மையானது. சில்லில் நிறம் பிடிக்கும் அதே எஸ்100 குடும்பம்தான், ரத்தத்தில் கரைந்த வடிவில். 1965-இல் மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்தபோது, செறிந்த அம்மோனியம் சல்ஃபேட் கரைசலில் நூற்றுக்கு நூறு கரைந்ததால் அந்தப் பெயர். மெலனோமா செல்லில் இது பி53 என்ற காவல் புரதத்தின் கையைக் கட்டிப்போடுகிறது, அதனால் வெறும் அடையாளச் சீட்டு இல்லை, குற்றத்தில் பங்காளியும்கூட. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பில் இதை அளக்கிறார்கள். தொடர்ந்து ஏறினால் ஸ்கேன். என் மேசைக்கு இதைக் கேட்டு வந்த சீட்டுகள் குறைவு. இதற்கும் ஒரு ஓட்டை உண்டு: தலையில் அடிபட்டாலும் ஏறும், அதனாலேயே ஸ்காண்டிநேவிய நாடுகளில் தலைக்காயத்துக்கு இதே சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். முதல் இரண்டு நிலைகளில் பெரும்பாலானவர்களுக்கு இது சரியான அளவிலேயே இருக்கும். ஆகவே சின்ன மச்சத்தைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் எஸ்100பி பார்ப்பது வீண் செலவு.

மியா என்ற இன்னொரு புரதத்தின் முழுப் பெயரே ‘மெலனோமாவைத் தடுக்கும் செயல்’. சோதனைத் தட்டில் செல் வளர்ச்சியைத் தடுத்ததைப் பார்த்து வைத்த பெயர். உடம்புக்குள் அது செய்வது நேர் எதிர்: புற்றுச் செல்லைத் தன் பிடிமானத்திலிருந்து கழற்றிவிட்டு ஊர் சுற்ற அனுப்புகிறது. பெயர் வைப்பதில் அவசரப்படக் கூடாது.

அண்ணனுக்கு நான் அரை மணி நேரம் போனில் விளக்கியது இதற்கு அடுத்த விஷயம், ஏனென்றால் கூகுள் இதைக் கலந்து கொடுத்திருந்தது. புரதக் குறிப்பான்கள் இரண்டு ஜாதி. ஒன்று, நோய் எந்தப் பக்கம் போகும் என்று சொல்வது: எல்.டி.எச் மாதிரி. இன்னொன்று, இந்த மருந்துக்கு இந்த நோய் மடங்குமா என்று சொல்வது: பிராஃப் மாதிரி. பிராஃப் என்பது செல்லுக்கு ‘பெருகு’ என்று கட்டளை கடத்தும் புரதம். அதன் சங்கிலியில் 600-ஆவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறிவிட்டால், சுவிட்ச் ‘ஆன்’ நிலையில் சிக்கிக்கொள்ளும். 2002-இல் இது தெரியவந்தது. அந்தப் பழுதை அடக்கும் வெமுராஃபெனிப் மாத்திரை 2011-இல் சந்தைக்கு வந்தது. பழுதடைந்த அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி இருப்பதால், சில்லிலேயே சாயம் ஏற்றிப் பார்க்கலாம். இருந்தால் மாத்திரைக்கு வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் கொடுப்பதில் பயனில்லை.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே கட்டியின்மேல் ஏவிவிடும் இம்யூனோதெரபி பக்கம் வந்தால் ஒரு குறிப்பான் ஏமாற்றிவிட்டது. பி.டி-எல்1 என்பது கட்டி போர்த்திக்கொள்ளும் போர்வை. காவலுக்கு வரும் டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லின் பி.டி-1 பிரேக்கை அது அழுத்தும்; மருந்து அந்த பிரேக்கை விடுவிக்கும். இப்படிப்பட்ட பிரேக்குகளை விடுவித்துப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்யலாம் என்று கண்டுபிடித்ததற்காக ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ என்ற விஞ்ஞானிகளுக்கு 2018-இல் நோபல் கிடைத்தது. அப்படியானால் போர்வை அதிகம் உள்ள கட்டிக்குத்தானே மருந்து வேலை செய்ய வேண்டும்? நுரையீரல் புற்றில் அந்தக் கணக்கு ஓரளவு ஓடுகிறது. மெலனோமாவில் போர்வையே தெரியாதவர்களுக்கும் மருந்து வேலை செய்கிறது, அதனால் பி.டி-எல்1 எண்ணை வைத்து ஒருவருக்கு மருந்து மறுப்பது நியாயமில்லை. ஒரு காலத்தில் பரவிய மெலனோமா என்றால் ஒரு வருஷம் தாண்டுவதே கஷ்டம். நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களில் பத்து வருஷம் கழித்தும் 43 சதவீதம் பேர் உயிரோடு இருப்பதாக 2024-இல் முடிவு வந்தது. இந்த நாட்டில் நல்ல மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இருப்பவருக்கும் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்கும் இடையே மிகப் பெரிய பள்ளம் இந்த மருந்தில்தான். பிராஃப் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தெரிந்தும் மாத்திரை கைக்கு வராத சீட்டுகளைப் பார்க்கும்போது, எதற்காகச் சாயம் ஏற்றினோம் என்று தோன்றும்.

இப்போது குதிகாலுக்குத் திரும்புவோம். தோல் மெலனோமாக்களில் கிட்டத்தட்டப் பாதியில் பிராஃப் மாற்றம் இருக்கும். உள்ளங்கால் வகையில் அது கணிசமாகக் குறைவு. மாறாக, கிட் என்ற புரதத்தில் பழுது கூடுதலாக இருக்கும். கிட்டுக்கு சாயம் உண்டு, ஆனால் சாயம் ஏறுவதும் மரபணு மாறியிருப்பதும் ஒன்றல்ல. இங்கே சில்லை நம்பாமல் மரபணுவையே படிக்க வேண்டும். மாறியிருந்தால் இமாட்டினிப் என்ற மாத்திரை சிலருக்கு உதவும். வெயில் செய்யும் மரபணுச் சேதம் இந்த வகையில் குறைவு என்று முன்னே சொன்னேன் அல்லவா? சேதம் குறைவு என்றால் நோய் எதிர்ப்புச் செல்லுக்கு ‘இது அந்நியன்’ என்று காட்ட அடையாளங்களும் குறைவு. அதனால் இம்யூனோதெரபியின் பலனும் சராசரியாகக் குறைகிறது. பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும் நியாயம், ஆனால் 43 சதவீதம் என்ற எண்ணைப் படிப்பவர் அதை நினைப்பதில்லை. அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பெரியம்மாவின் 87-உம் அப்படிப்பட்ட அட்டவணையிலிருந்து வந்த எண்தான். அதை நான் அண்ணனிடம் சொன்னேனா? சொன்னேன், ஆனால் மெதுவாக, எல்.டி.எச் 204 வந்த பிறகு.

மெலனோமாவுக்குப் புதுக் குறிப்பான் என்று செய்தி வராத மாதம் இல்லை. ஆஸ்டியோபான்டின், கேலக்டின்-3, சி.ஆர்.பி என்று பட்டியல் நீளும். பெரும்பாலானவை மறு ஆய்வில் உதிர்ந்துவிடுகின்றன. அறுபது எழுபது சில்லுகளை வைத்துக்கொண்டு, எந்த அளவுக்கு மேல் ‘அதிகம்’ என்று முடிவைப் பார்த்த பிறகு கோடு கிழித்தால், எந்தப் புரதமும் ஜோதிடராகிவிடும். இந்தப் பழக்கத்தை அடக்கத்தான் 2005-இல் ‘ரிமார்க்’ என்ற பெயரில் விதிமுறை வந்தது: எத்தனை பேர், எப்படிக் கோடு கிழித்தீர்கள், தடிமன் மாதிரி தெரிந்த விஷயங்களைக் கழித்த பிறகும் உங்கள் புரதம் ஏதாவது சொல்கிறதா என்று திறந்து சொல்லச் சொன்னார்கள். கடைசிக் கேள்வியில்தான் அநேகர் விழுகிறார்கள். அடுத்த முறை ‘ஒரு சொட்டு ரத்தத்தில் மெலனோமா’ என்று தலைப்பு பார்த்தால், முதலில் இந்தக் கேள்வியைத் தேடிப் பாருங்கள்.

பெரியம்மாவுக்கு இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. டாக்டர் கவட்டையைத் தடவிப் பார்ப்பார், தழும்பைப் பார்ப்பார், இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு இடுக்காக, நகம் நகமாக லென்ஸ் வைத்துப் பார்ப்பார். ரத்தம் அதற்கு அப்புறம்தான். போன தடவை ஃபீனிக்ஸில் ஒரு கல்யாணம் முடிந்த கையோடு போயிருந்தார். சிஸ்டர் செருப்பைக் கழற்றச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாராம். இரண்டு உள்ளங்காலிலும் விளிம்பு வரை மருதாணி, கறுஞ்சிவப்பாக. அதற்கடியில் எந்தப் புள்ளியையும் யாராலும் பார்க்க முடியாது. எல்.டி.எச்சுக்கு மட்டும் ரத்தம் எடுத்துக்கொண்டு, நிறம் போன பிறகு வரச் சொல்லி மூன்று வாரம் தள்ளி நாள் கொடுத்தார்கள்.